பாரிமுனையா, ஷேர் ஷா சாலையா, கம்பெனி வேலையா: ஐ.பி. வழக்கறிஞர் எங்கே தொடங்கலாம்?

நண்பரின் மகள் போன மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் சேம்பருக்கு, அதாவது வக்கீல் அலுவலகத்துக்கு, வந்தாள். பயோடெக்னாலஜியில் பி.டெக்., அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. அறிவுசார் சொத்துரிமை (ஐ.பி.) வழக்குகள்தான் நடத்துவேன் என்று படிக்கும்போதே முடிவு செய்துவிட்டவள். கையில் மூன்று வாய்ப்புகள் இருந்தன. சென்னையில் (உயர் நீதிமன்றம் பாரிமுனையில்) ஒரு சீனியரிடம் ஜூனியர், டெல்லியில் (உயர் நீதிமன்றம் ஷேர் ஷா சாலையில்) பெரிய ஐ.பி. நிறுவனம் ஒன்றில் அசோசியேட், ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவு. நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் சம்பளம், வாடகை, ஊருக்கு வந்துபோகும் ரயில் செலவு வரை எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் ‘பேடன்ட் ஏஜென்ட் தேர்வு?’ என்று ஒரு வரி.

“அங்கிள், இதுல எது?”

கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் நான் பார்க்க நினைத்த ஒன்றுக்கு அதில் பத்தியே இல்லை. ஒரு வழக்குக்குப் பல வயது உண்டு. நோட்டீஸ், பிளெய்ன்ட் என்கிற வழக்கு மனு, இடைக்காலத் தடை, எதிருரை, சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. நீதிமன்றத்துக்கு வெளியே பதிவகத்தில் விண்ணப்பம், ஆட்சேபம், நீக்கல் மனு என்று இன்னொரு பாதை ஓடும். இந்த மூன்று இடங்களும் அவளை வழக்கின் வெவ்வேறு வயதில் கொண்டுபோய் நிறுத்தும். முதல் மூன்று வருடம் எங்கே நிற்கிறோமோ, பிற்பாடு அந்த வகை வக்கீலாகத்தான் ஆகிறோம். இருபது வருடமாகப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது.

நடுவில் ஒரு சொல் தகராறு. பாட்டு வழக்கு என்றாலும் செய்தித்தாளில் ‘காப்புரிமை’ என்றே போடுகிறார்கள். பாட்டுக்கும் கதைக்கும் இருப்பது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்குத்தான் காப்புரிமை, அதாவது பேடன்ட். கடைப் பெயரும் லேபிளும் வணிகச் சின்னம், நாங்கள் பேசும்போது டிரேட்மார்க். இதில் தினப்படி சோறு போடுவது டிரேட்மார்க்தான். காப்புரிமை வழக்கு தீபாவளி மாதிரி, எப்போதாவது வரும், வந்தால் பெரிதாக வரும். இந்த விகிதம் தெரியாமல் எஞ்சினும் மூலக்கூறுமாகக் கனவு கண்டுகொண்டு வருகிறவர்கள், முதல் வருடம் முழுக்க ஊறுகாய் லேபிளைப் பார்த்துவிட்டு நொந்துபோகிறார்கள்.

சரி, பணத்தை முதலில் முடித்துவிடலாம். டெல்லி நிறுவனமும் மருந்துக் கம்பெனியும் முதல் தேதியில் வங்கிக் கணக்கில் போடும். சென்னைச் சேம்பரில் அந்த உறுதி இல்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. கொடுக்கிற சீனியர் கொடுக்கிறார், கொடுக்காதவரை எந்த ஜூனியர் போய்க் கேட்பது? நான் சேர்ந்தபோது முதல் மாதம் ஒரு பழுப்பு கவரில் 3,000 ரூபாய் வந்தது. இரண்டாவது மாதம் கவரும் வரவில்லை. வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான் என்றால் சேம்பர் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதப்போகும் நல்ல வார்த்தைகளை நம்பி ஏமாற வேண்டாம். சம்பளம் வருகிற இடத்துக்குப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சென்னையின் பலம் என்ன?

ஐ.பி. என்றாலே டெல்லி என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி கிண்டியில் இருக்கிறது. அங்குள்ள காப்புரிமை அலுவலகம் தமிழ்நாட்டுக்கு மட்டுமானதல்ல. கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். பெங்களூரு சாஃப்ட்வேர்க்காரரும் ஹைதராபாத் மருந்துக்காரரும் விண்ணப்பம் போடுவது இங்கே. கிண்டியில் நிராகரித்தால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. புவிசார் குறியீட்டுப் பதிவகம் நாட்டுக்கே ஒன்றுதான், அதுவும் சென்னையில். டார்ஜிலிங் தேயிலையும் பழனி பஞ்சாமிர்தமும் ஒரே பதிவேட்டில் இருப்பது அதனால்தான்.

2003-இல் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும் தலைமையிடம் சென்னைதான். உறுப்பினர் இல்லாமல் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டது. நிலுவை வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. அன்றைக்கு எங்களில் பலருக்கு வருத்தம். திரும்பிப் பார்த்தால், அந்தக் கட்டுகள் புது எண் போட்டுக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்ததில் இளையவர்களுக்குத்தான் லாபம். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தன் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்கு விதிகளை நடைமுறைப்படுத்தியது. இப்போது காஸ் லிஸ்டில், அதாவது அன்றன்றைய வழக்குப் பட்டியலில், இந்த வழக்குகளுக்குத் தனி இடம் இருக்கிறது.

பெரிய காப்புரிமைச் சண்டைகளையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. நோவார்ட்டிஸின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பம் 1998-இல் சென்னை அலுவலகத்தில்தான் போடப்பட்டது, 2006-இல் இங்கேதான் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தின் பலன் கூடாத புது வடிவத்துக்குக் காப்புரிமை மறுக்கும் 3(டி) பிரிவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்ற அவர்கள் வாதத்தை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது.

ஆனால் சென்னைச் சேம்பரை நான் பரிந்துரைப்பது இந்தப் பெருமைக்காக இல்லை. கை அழுக்காகிற வேலை இங்கே சீக்கிரம் கிடைக்கும், அதற்காக.

அட்வகேட் கமிஷனர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். போலிச் சரக்கு வழக்கில் எதிர்த் தரப்புக்குத் தெரியாமல் தடை உத்தரவு வாங்கி, சரக்கைக் கணக்கெடுத்துக் கைப்பற்ற நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமிக்கும். டெல்லியில் லோக்கல் கமிஷனர் என்பார்கள். ஊதியம் உத்தரவிலேயே இருக்கும். எனக்கு முதல் முறை கிடைத்தபோது பார் கவுன்சிலில் பதிவு செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம், ஓர் ஆள் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே இரண்டு அறை. முதல் அறையில் நாலு மூட்டை காலி எண்ணெய் பாட்டில், இரண்டு லேபிள் உருளை, ஒரு ஹீட் கன். கடைக்காரர் பதறவே இல்லை. மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “லேபிள் அடிச்சது சிவகாசி சார், நான் வெறும் ஸ்டாக் வெச்சிருக்கேன்” என்றார். அசல் லேபிளையும் போலியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சை ஒரு பிடி அதிகம், விலை அச்சான இடம் அரை விரல் கீழே. மற்றபடி என் அம்மாவே ஏமாந்துபோவார். ‘சராசரி அறிவும் அரைகுறை நினைவும் உள்ள வாங்குபவர்’ என்று தீர்ப்புகளில் நூறு தடவை படித்த வாக்கியம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த உற்சாகத்தில் இரண்டாவது அறை பூட்டியிருந்ததை அறிக்கையில் எழுத மறந்துவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே கமிஷனர் அறிக்கை நம்பத் தகுந்ததல்ல என்று வாதிட, நீதிபதி என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். நின்ற நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. இப்போதும் எந்த இடத்துக்குப் போனாலும் கதவுகளை எண்ணுகிறேன்.

அடுத்தது சாட்சி விசாரணை. சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் ஒரிஜினல் சைடில், சாட்சியத்தைப் பெரும்பாலும் கூடுதல் மாஸ்டர் என்ற நீதிமன்ற அதிகாரி முன்னால் பதிவு செய்வார்கள். சின்ன அறை, சின்ன மேஜை, ஆவணங்களில் குறியீடு போடும் சத்தம் தவிர அமைதி. பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் டிரேட்மார்க் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான், ஏனென்றால் பெரும்பாலான சண்டை ‘யார் முதலில் பயன்படுத்தியது’ என்பதில் வந்து நிற்கும். பதிவு செய்தவரைவிட முன்பிருந்தே பயன்படுத்தியவருக்குத்தான் உரிமை பெரிது. உச்ச நீதிமன்றம் இதை 2015-இல் அழுத்திச் சொன்ன வழக்கு நம் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு. முதல் பயன்பாட்டை எப்படி நிரூபிப்பது? பழைய பில், பழைய விளம்பரம், பழைய கணக்கு. அதனால் பழைய பில் ‘தயாராவதும்’ உண்டு.

என் சீனியர் ஒருமுறை எதிர்த்தரப்புச் சாட்சியிடம் 2003 தேதியிட்ட ஒரு பில்லைக் கொடுத்தார். “இது உங்க பில் புக்ல இருந்து கிழிச்சதா?” ஆமாம். “கீழே ஒரு நம்பர் இருக்கே, அது என்ன?” அது எங்க டின் நம்பர் சார். சீனியர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்: டின் என்பது வாட் வரிக்கான எண், தமிழ்நாட்டில் வாட் வந்ததே 2007 ஜனவரியில், 2003 பில்லில் அந்த எண் எப்படி இருக்கும்? இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. அந்த அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குறைகளும் கொஞ்சமில்லை. முதல் வருடத்தில் பாதி நேரம் பதிவுத் துறையோடு மல்லுக்கட்டுவதில் போகும். மனுவைத் தாக்கல் செய்ததற்கான எஸ்.ஆர். நம்பர் வாங்கி, ரிட்டர்ன் ஆன கட்டைச் சரிசெய்து, திரும்பக் கொடுத்து, இன்னொரு காரணத்துக்காக மறுபடி ரிட்டர்ன் வாங்கி. பயிற்சித் திட்டம் என்று எதுவும் இல்லை, சீனியரின் மனநிலைதான் திட்டம். நல்ல சீனியர் அமைந்தால் பொற்காலம். அமையாவிட்டால் மூன்று வருடம் வாய்தா வாங்கியே கழியும். பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: மாலை ஏழு மணிக்கு மேல் தொடங்கும் கான்ஃபரன்ஸ், பல பழைய சேம்பர்களில் ஒழுங்கான கழிப்பறைகூட இல்லாதது. சேர்வதற்கு முன் அந்தச் சேம்பரை விட்டுப் போன பெண் ஜூனியர் ஒருவரிடம் பேசிவிடு என்றேன். இருக்கிறவர்களைவிட விட்டுப் போனவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

டெல்லி

நானும் அங்கே இரண்டரை வருடம் இருந்தேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அறிவுசார் சொத்துரிமைப் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. 2022-இல் அந்தப் பிரிவுக்கு விதிகள், காப்புரிமை வழக்குகளுக்குத் தனி விதிகள். இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பது, தொழில் ரகசியம் உள்ள ஆவணங்களைக் குறிப்பிட்ட சிலர் மட்டுமே பார்க்கும்படி ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி கிளப்’ அமைப்பது, இதெல்லாம் அங்கே அன்றாட நடைமுறை. ஒவ்வொரு செல்போனும் பயன்படுத்தியே ஆகவேண்டிய தொழில்நுட்பத்துக்கான ராயல்டி சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. அப்படி ஒன்றில் எரிக்சனுக்குச் செல்போன் நிறுவனமான லாவா 244 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மருந்துக் காப்புரிமை, செல்போன் காப்புரிமை இரண்டில் ஒன்றுதான் வாழ்க்கை என்று ஒருவர் நினைத்தால் அவர் டெல்லிக்குத்தான் போகவேண்டும். இதில் சென்னைப் பாசத்துக்கு இடமே இல்லை.

வேலை முறையும் நேர்த்தி. ஆராய்ச்சிக் குறிப்பு எப்படி எழுதுவது, ஒரு கிளையன்டுக்குப் பத்து நாட்டில் வழக்கு ஓடினால் எல்லாவற்றுக்கும் முரண்படாமல் எப்படி நிலைப்பாடு எடுப்பது, இதையெல்லாம் நான் அங்கேதான் கற்றேன். ஆனால் இரண்டரை வருடத்தில் நீதிமன்றத்தில் நான் பேசியதை எண்ணினால் ஒரு பக்கம் வராது. பெரும்பாலும் ‘பாஸ் ஓவர் ப்ளீஸ்’, இந்த வழக்கைக் கொஞ்சம் கழித்து எடுங்கள் என்பதுதான். பெரிய வழக்கில் வாதிட மூத்த வழக்கறிஞர் வருவார், அவருக்குப் பின்னால் நிறுவனத்தின் பார்ட்னர், அவருக்குப் பின்னால் சீனியர் அசோசியேட், அதற்கும் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு நான். என்னோடு சேர்ந்த ஒருவன் நல்ல இடத்துக்கு வந்துவிட்டான், அவன் இதைக் கேட்டால் மறுப்பான். அவன் அங்கே எட்டு வருடம் பொறுத்திருந்தான், நான் இருக்கவில்லை.

எனக்கிருந்த பெரிய குறை வேறு. அங்கே நான் பார்த்த வழக்குகளில் அநேகம் இடைக்காலத் தடையோடு முடிந்தன. தடை கிடைத்தால் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வரும், கிடைக்காவிட்டால் நம் கிளையன்ட் ஆர்வம் இழப்பார். சாட்சிக் கூண்டு வரை போன கட்டு என் மேஜைக்கு வரவே இல்லை. நாடு முழுக்கவே இந்தச் சீக்கு உண்டு. டிரேட்மார்க், காப்புரிமை, பதிப்புரிமை வழக்குகள் தற்காலிகத் தடையைச் சுற்றியே வருடக்கணக்கில் ஓடி, கடைசித் தீர்ப்பு வருவதே அரிதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் சலித்துக்கொண்டது. அது எந்த வழக்கில் தெரியுமா? சென்னையிலிருந்து போன பஜாஜ் - டிவிஎஸ் எஞ்சின் காப்புரிமை வழக்கில். தினமும் விசாரித்து நவம்பர் 30-க்குள் முடியுங்கள் என்றார்கள். அந்தத் தகராறு 2019-இல் சமரசத்தில்தான் முடிந்தது. ஆக, சென்னை என்றால் எல்லா வழக்கும் விசாரணைக்குப் போகும் என்று நான் சொன்னால் பொய். ஆனால் போகிறதும் உண்டு. நூடுல்ஸில் ‘மேஜிக்’ என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று ஐ.டி.சி.யும் நெஸ்லேயும் 2013-இல் சென்னையில் தொடங்கிய வழக்கு சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் நடந்து 2020 ஜூனில் தீர்ப்பானது. மசாலாவுக்கு மேஜிக் என்று பெயர் வைப்பது எல்லாரும் செய்வதுதான், அது ஒருவரின் சொத்தாகாது என்று ஐ.டி.சி.யின் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு சொல்லுக்கு ஏழு வருடம்! அந்த ஏழு வருடத்தில் இரண்டு பக்கத்து ஜூனியர்களும் எவ்வளவு கற்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தப் பென்சில் வரி

பேடன்ட் ஏஜென்ட் தேர்வைத் தனி வாய்ப்பாக அவள் எழுதியிருந்தது தப்பு. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் எங்கே சேர்ந்தாலும் எழுதிவிட வேண்டிய தேர்வு அது. இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்முகம். வருடா வருடம் தவறாமல் நடக்கும் என்று நம்ப முடியாது, அறிவிப்பு வந்தால் விடக்கூடாது. அதில் தேறியவர் காப்புரிமை அலுவலகத்தில் கிளையன்டுக்காக ஆஜராகலாம், விண்ணப்பம் எழுதலாம். அதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில், வீடியோவில் விசாரணை, வெயிலில் கோட்டுப் போட வேண்டாம்.

வழக்காடுகிறவருக்கு இதில் என்ன லாபம்? காப்புரிமை வழக்கில் எல்லாமே கண்டுபிடிப்பின் எல்லையைச் சொல்லும் கோரிக்கைப் பத்தியின் சொற்கள்தான். பஜாஜ் - டிவிஎஸ் வழக்கையே பாருங்கள். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் என்பது பஜாஜின் காப்புரிமை. டிவிஎஸ் எஞ்சினிலும் இரண்டு பிளக் இருந்தன, ஆனால் வால்வு மூன்று. அந்த மூன்றாவது வால்வு விஷயத்தை மாற்றுகிறதா இல்லையா என்பதில் 2008-இல் தனி நீதிபதி ஒரு பக்கம், 2009-இல் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகளின் டிவிஷன் பெஞ்ச் மறுபக்கம். ‘கம்ப்ரைசிங்’ (இவையும் இருக்கும்) என்று எழுதுவதா ‘கன்சிஸ்டிங்’ (இவை மட்டுமே இருக்கும்) என்று எழுதுவதா என்று ராத்திரி பதினோரு மணிக்கு மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவர் இந்த மாதிரி வழக்கைப் படிக்கும் விதமே வேறு. நான் பி.காம்., எனக்கு அந்தத் தேர்வுக்குத் தகுதி இல்லை. காப்புரிமை வழக்கு வந்தால் இன்றைக்கும் எஞ்சினியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் வந்தது 1856-இல். முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். கண்டுபிடிப்பு, பங்கா என்ற கூரை விசிறியை இழுக்கும் இயந்திரம். அந்தப் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் ஒன்று இன்றைக்கும் சென்னையில் இயங்குகிறது.

ஹைதராபாத் கம்பெனியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, பதிவை நிறுத்திவைக்க வேண்டும். கம்பெனி வழக்கில் கம்பெனிச் சட்ட அதிகாரியே கோட்டைப் போட்டுக்கொண்டு வாதிட முடியாது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவிலான பேச்சுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு கம்பெனிக்குள் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிகளுக்குக் கிடையாது. நாளைக்கு முன்சீப் தேர்வு எழுதலாம் என்று ஓர் ஓரத்தில் ஆசை இருந்தால் அதற்கும் இடிக்கும். கீழ்நிலை நீதிபதி பதவிக்கு மூன்று வருட வக்கீல் தொழில் வேண்டும் என்ற நிபந்தனை 2025 மேயில் திரும்ப வந்துவிட்டது.

கம்பெனி வேலை மட்டம் என்று சொல்லவில்லை. வழக்குப் போடலாமா வேண்டாமா, எவ்வளவு செலவழிக்கலாம், எந்த இடத்தில் சமரசம் என்று முடிவெடுப்பது அந்த நாற்காலிதான். பி.எஃப்., மகப்பேறு விடுப்பு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உண்டு. நாங்கள் அவர்கள் போனுக்காகக் காத்திருக்கிறவர்கள். ஆனால் ஐந்தாறு வருடம் நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனவர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒருவகை, கல்லூரியிலிருந்து நேரே போனவர் கேட்பது இன்னொரு வகை. ‘தடை எப்போது கிடைக்கும்?’ என்று கேட்டால் இரண்டாவது வகை. ‘எதிர்த்தரப்பு கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டிருக்கிறார்களா?’ என்றால் முதல் வகை. நீதிமன்றத்திலிருந்து அங்கே போவது சுலபம். முப்பத்தைந்து வயதில், சம்பளத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்.

அவள் நோட்டில் இல்லாத ஓர் ஊரையும் சொல்லிவைத்தேன்: கோயம்புத்தூர். பம்புசெட், வெட் கிரைண்டர், நூல், பேக்கரி என்று பெயர் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் நிறைந்த ஊர். டிரேட்மார்க் வழக்கை மாவட்ட நீதிமன்ற அளவிலேயே தொடங்கலாம், வணிக நீதிமன்றங்களுக்கான மதிப்பு வரம்பும் 2018-இல் ஒரு கோடியிலிருந்து மூன்று லட்சமாக இறங்கிவிட்டது. அங்கே ஐ.பி. மட்டுமே பார்க்கும் வக்கீல்கள் குறைவு. அவளுக்கு அதில் ஆர்வம் வரவில்லை. சொந்த ஊர் கோவையாக இருக்கும் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

கடைசியில் நான் சொன்னது இதுதான். மருந்து, செல்போன் காப்புரிமைதான் என்று உறுதியாக இருந்தால் டெல்லிக்கு ரயில் ஏறு, ஆனால் ஐந்து வருடத்துக்குக் குறைவாகப் போகாதே. அந்த உறுதி இல்லையென்றால் சென்னைச் சேம்பரில் மூன்று வருடம் இரு, நடுவில் தேர்வை எழுது. ஹைதராபாத் எங்கேயும் ஓடிப்போகாது. உன் பயோடெக் பட்டத்தோடு நீதிமன்ற அனுபவமும் இருந்தால் அப்போது இன்னும் நல்ல விலை கொடுப்பார்கள். சேர்வதற்கு முன் அந்தச் சீனியரிடம் மூன்று கேள்வி கேள். போன வருடம் உங்கள் வழக்குகளில் எத்தனை சாட்சி விசாரணைக்குப் போனது? மாஸ்டர் கோர்ட்டுக்கு யார் போகிறார்கள்? நான் சொந்தமாக ஒரு கேஸ் பிடித்தால் எடுத்துக்கொள்ளலாமா?

“கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா அங்கிள்?”

“கோவிச்சுக்கிட்டார்னா அதுவே பதில்ம்மா.”

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்தாள். நாலு வழக்கு சாட்சி வரை போனதாம். மாஸ்டர் கோர்ட்டுக்கு இத்தனை நாள் அவரே போய்க்கொண்டிருந்தாராம். “கிராஸ் நான்தாம்மா பண்ணுவேன், ஆனா கேள்வியை நீ எழுதிக் குடு, நல்லா இருந்தா உன் கேள்வியையே கேக்கறேன்” என்றாராம். சொந்த கேஸ் எடுக்கலாம், ஒரு வருடம் கழித்து. மூன்றாவது பதிலில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அந்த மனிதர் பரவாயில்லை என்று பட்டது.

ஹைதராபாத்துக்கு இப்போதைக்கு வரவில்லை என்று மெயில் போட்டுவிட்டாள். டெல்லிக்கு இன்னும் போடவில்லை, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதாம்.